பத்து ரூபாய் வில்லையும் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரமும்



பேச வரும்போது சட்டைப்பையில் ஒரு பொருளைப் போட்டுக்கொண்டு வந்தேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அவ்வளவு சிறியது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். இதை ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி, கேட்க வேண்டியதை எழுதி, கீழே பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அரசு அலுவலகம் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் 48 மணி நேரம். எதற்காகக் கேட்கிறாய் என்று உங்களைக் கேட்கக்கூடாது. தகவல் உரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். தெருமுனைக்கு நாலு வீடு பாக்கி இருக்கும்போது வேலை நின்றுபோனது. பில் மட்டும் முழுசாகப் போய்விட்டது என்று பேச்சு. எம்-புக் என்பார்களே, அளவுப் புத்தகம், அதன் நகலைக் கேட்டு மனுப் போட்டேன். சரியாக முப்பதாவது நாள் பதில் வந்தது: கோரிய ஆவணம் அலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை. நேரில் போனேன். அங்கிருந்தவர் மரியாதையானவர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: “சார் எந்த அமைப்பு?”

எந்த அமைப்பும் இல்லை, அந்தத் தெருவில் குடியிருக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதல் மேல்முறையீட்டுக்குப் போனபோது நான் தனியாகப் போகவில்லை. எங்கள் தெரு மகளிர் குழுப் பெண்கள் பதினொரு பேர் கூட வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். கிடைக்காத புத்தகம் அதே வாரம் கிடைத்தது. புத்தகத்தில் இருந்த நீளத்துக்கும் நாங்கள் டேப் பிடித்து அளந்த நீளத்துக்கும் நாலு வீடு வித்தியாசம்.

சட்டம் ஒன்றுதான். கேட்ட ஆளும் ஒன்றுதான். மாறியது, வராந்தாவில் உட்கார்ந்திருந்த பதினொரு பேர். அரசியல் பாடப்புத்தகத்தில் இதற்கு அழுத்தக் குழு என்று பெயர்.

இந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்கு முகம் சுளிக்கிறது. காரியம் சாதிக்கிற கூட்டம் என்ற எண்ணம். ஆனால் விவசாயிகள் சங்கம், ஆசிரியர் சங்கம், வணிகர் பேரமைப்பு, ஆட்டோ ஓட்டுநர் சங்கம், சாதிச் சங்கம், தொழிலதிபர்களின் கூட்டமைப்பு எல்லாமே இதில் அடக்கம். இவர்கள் தேர்தலில் நிற்பதில்லை. நிற்கிறவர்களை நெருக்குகிறவர்கள். சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. தொழிலதிபர்கள் இதன் பலனை வெகு முன்பே புரிந்துகொண்டவர்கள். அவர்களின் கூட்டமைப்பான ஃபிக்கி 1927-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. 

ஓட்டுப் போடுகிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை 1975 ஜூன் 25 இரவு நமக்குச் சொல்லிக் கொடுத்தது. நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தது ஓட்டு வாங்கி வந்த அரசுதான். 1976 ஏப்ரலில், சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசா தடுப்புக்காவல் கைதிகள் அடிபட்டார்கள். அடிபட்டவர்களில் ஒருவரான சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அதை விசாரித்தது.

அரசமைப்புச் சட்டத்தில் உரிமைகள் அச்சடித்த எழுத்தாக அப்போதும் இருந்தன. எழுத்துக்கு ஆள் வேண்டும். 1976-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னின்று மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் முதல் வடிவத்தைத் தொடங்கியது அதனால்தான். அந்தக் கழகம்தான் பின்னாளில் உணவு உரிமை வழக்கைப் போட்டது. ஓட்டு இயந்திரத்தில் ‘யாருக்கும் இல்லை’ என்ற பொத்தான் 2013 தீர்ப்பினால் வந்ததும் அதே கழகத்தின் வழக்கில்தான்.

இப்போது உங்களை ராஜஸ்தானுக்குக் கூட்டிப்போகிறேன். என் கையிலிருக்கும் வில்லை பிறந்த இடம் அது.

அருணா ராய் சென்னையில் பிறந்த தமிழ்ப்பெண். ஐஏஎஸ் அதிகாரியாக இருந்து எழுபதுகளின் நடுவில் வேலையை விட்டவர். 1987-ல் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் தேவ்துங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். அது வறட்சிப் பிரதேசம். அரசு நிவாரண வேலை நடக்கும். ஆனால் நாள் முழுக்க மண் சுமந்தவர்களுக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி கிடைக்காது. கேட்டால், “அளந்து பார்த்தாச்சு, நீங்கள் செய்த வேலை இவ்வளவுதான்” என்பார்கள். எங்கே அளந்தீர்கள், ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டத்தின் நிழல், மண் சுமக்கிறவளின் கூலி ஏட்டின் மேலும் விழுந்து கிடந்தது.

1990 மே 1 அன்று அவர்கள் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர்-உழவர் அமைப்பைத் தொடங்கினார்கள். கூலிக்காகப் போராடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் போய் முட்டியது அந்த ஏட்டில்தான். ஏடு வெளியே வராமல் கூலி வராது என்று படிக்காதவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. நம் ஊரில் என்எம்ஆர் என்கிறோமே, அந்த வருகைப் பட்டியல், பில், வவுச்சர் ஆகியவற்றின் நகல்களை எப்படியோ பெற்றுவந்து ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். ஒருவர் பட்டியலில் இருக்கும் பெயரைப் படிக்கிறார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: அந்த ஆள் செத்துப் பல வருடமாயிற்றே. அடுத்த பெயர்: அவன் ஊரிலேயே இல்லையே. வேலைக்கே போகாதவர் பெயரில் கைநாட்டு, முடிக்காத கட்டடத்துக்கு முடித்ததாகச் சான்று. அதிகாரியின் கையெழுத்து மதிப்பை இழந்த இடம் அந்தக் கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் நினைவு சாட்சியமானது. ‘நம்ம பணம், நம்ம கணக்கு’ என்ற கோஷம் இப்படிப்பட்ட விசாரணைகளின் வழியாகத்தான் ஊர் ஊராகப் பரவியது.

ஊராட்சி ஆவணங்களின் நகல் தரப்படும் என்று 1995-ல் ராஜஸ்தான் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு வருடம் ஆகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் என்ற ஊரின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. ஏப்ரல், மே மாதத்து ராஜஸ்தான் வெயில் எப்படியென்று சொல்ல வேண்டியதில்லை. 40 நாள் உட்கார்ந்தார்கள். கடைக்காரர்களும் தொழிற்சங்கத்தாரும் துணை நின்றார்கள். காய்கறியும் தானியமும் பந்தலைத் தேடி வந்தன. கூலிக்காரரின் கோரிக்கை ஊரின் கோரிக்கையாக மாறிய கதை அது. அதே ஆண்டு, அந்தப் போராட்டத்தைச் சேர்ந்த, நாலாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண்ணிடம் டெல்லியில் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள், உனக்கெதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்று. பத்து ரூபாய் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் கோடி கோடியாகச் செலவழிக்கிற அரசாங்கத்திடம் கேட்கக்கூடாதா என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். தகவல் உரிமை பற்றி நான் படித்த கட்டுரைகள் எல்லாவற்றையும் விட இது சுருக்கம்.

மஸ்தூர் கிசான் அமைப்பு தன் வீட்டைத் தானே துப்புரவாக வைத்திருந்தது. முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவுக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள். நிறுவனங்களின் நிதி வாங்குவதில்லை. தன் வரவு செலவைப் பொதுவில் வைத்தது. கணக்குக் கேட்கிறவன் கணக்குக் காட்டினான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1997-ல் நாட்டிலேயே முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. பெருமைப்படலாம், ஆனால் அளவாக. விதிவிலக்குகள் மண்டிய சட்டம் அது. கதவுக்கு வலுவான பூட்டுப் போட்டுவிட்டுக் கதவு வைத்திருக்கிறோம் என்று சொன்னது போல. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 25,000 ரூபாய், அதுவும் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் கோபம் அந்த 250 ரூபாயில் இருக்கிறது.

சரி, இது ஏழைகள் கொடுத்த அழுத்தம். பணம் படைத்தவர் கொடுத்தால் எப்படி இருக்கும்?

2017-ம் ஆண்டு நிதிச் சட்டம் தேர்தல் பத்திரத்துக்கு வழி செய்தது. 2018 ஜனவரியில் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகள். பத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்காது. ஒரு கம்பெனி தன் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக்கூடாது என்று முன்பு இருந்த உச்சவரம்பும் அதே சட்டத்தில் போயிற்று. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனிக் கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமும் போயிற்று.

கையிலிருக்கும் வில்லையை மறுபடி காட்டுகிறேன். பத்து ரூபாய் கொடுத்துக் கேள்வி கேட்கிற எனக்குப் பெயர் வேண்டும், முகவரி வேண்டும், கையெழுத்து வேண்டும். ஒரு கோடி கொடுத்தவரின் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டியதே இல்லை!

அரசுத் தரப்பில் சொன்ன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். கறுப்புப் பணம் குறையும், வங்கி வழியாக வருவதால் வெள்ளைப் பணம்தான் வரும் என்றார்கள். இந்தக் கட்சிக்குக் கொடுத்தது தெரிந்தால் அந்தக் கட்சி பழிவாங்கும், ஆகவே கொடுப்பவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ரகசியம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததா? ஒரு பத்திரிகையாளர் 2018-ல் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கி ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வைத்தார். புற ஊதா ஒளியில் வைத்தபோது, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு எண் அதில் பளிச்சென்று தெரிந்தது. பெயர் தெரியாமல் போனது வாக்காளருக்கு மட்டும்தான்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தப் பத்திரங்களைப் பற்றிய பல உண்மைகளை வெளியே கொண்டுவந்தவை தகவல் உரிமை மனுக்கள். கடற்படையில் ஓய்வுபெற்ற கமடோர் லோகேஷ் பத்ரா விடாமல் மனுப் போட்டார். விற்ற பத்திரங்களின் மொத்த மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது. பத்து ரூபாய் ஒரு கோடியைத் துரத்திக்கொண்டு போனது.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் திட்டத்தைச் செல்லாது என்றார்கள். வாக்காளரின் அறியும் உரிமை பேச்சுரிமையில் அடங்கியது, அதை இந்தத் திட்டம் மீறுகிறது என்பது தீர்ப்பின் சாரம். வழக்குப் போட்டவர்களில் ஏடிஆர் எனப்படும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் ஒன்று. 1999-ல் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் தொடங்கியது. வேட்பாளரின் சொத்தும் குற்ற வழக்கும் இன்று உங்களுக்குத் தெரிகிறதென்றால் அதற்கும் அவர்கள் போட்ட வழக்கு காரணம். நீதிமன்றம் கேட்ட பத்திர விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்தது; மறுநாளே தரச் சொன்னது. தந்தார்கள். நாலு மாதம் வேண்டும் என்றவர்களிடமிருந்து ஒரே நாளில் பட்டியல் வந்தது. எங்கள் எம்-புக் எனக்கு ஞாபகம் வந்தது.

விற்ற பத்திரங்கள் மொத்தம் 16,500 கோடி ரூபாய்க்கு மேல். பெரும்பங்கு பாஜகவுக்கு. திரிணமூல், காங்கிரஸ், பாரத் ராஷ்டிர சமிதி, திமுக எல்லாம் பட்டியலில் உண்டு. பத்திரமே வேண்டாம் என்று சொல்லி நீதிமன்றத்துக்குப் போனது மார்க்சிஸ்ட் கட்சி. அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்கு, பத்திரம் வாங்கியது நம் கோயம்புத்தூரோடு தொடர்புடைய ஒரு லாட்டரி நிறுவனம். தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை 2003-லிருந்து இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற வாய்ப்பே ஆறு வருடம் நமக்கு இல்லாமல் போனது. அதுதான் என் குறை.

அப்படியென்றால் வெளிப்படையாக, தெருவில் இறங்கிச் செய்வதெல்லாம் சரியா? இல்லை. நம் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்த நாவல். நாலு வருடம் கழித்து அதற்குத் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. சாதி அமைப்புகளும் மத அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. பிரதிகளை எரித்தார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். எல்லாம் பகலில், பகிரங்கமாகத்தான். பிறகு 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சு’. ஒரு பக்கம் கூட்டம், இன்னொரு பக்கம் ஒரு கல்லூரி ஆசிரியர். நிபந்தனையற்ற மன்னிப்பு, பிரதிகளைத் திரும்பப் பெறுதல் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஓரிரு நாளில் அவர் தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார்.

அவரை மீட்டதும் ஒரு சங்கம்தான். முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அடங்கிய அமர்வு, அந்த அமைதிப் பேச்சு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி வையுங்கள் என்ற பொருளில் சொல்லி, அவர் மறுபடி எழுத வேண்டும் என்று முடித்தது. அவரும் எழுதினார்.

இந்த மூன்று கதைகளிலிருந்து எனக்கு இரண்டு உரைகல் கிடைத்தன. எந்தச் சங்கம் வந்து நம்மைக் கூப்பிட்டாலும் இவற்றில் உரசிப் பார்க்கலாம். நாம் நடத்துகிற சங்கத்தையும்தான். முதலாவது: நீ யார், உன் பணம் யாருடையது, என்ன கேட்கிறாய் என்பதை ஊர் நடுவில் சொல்வாயா? இரண்டாவது: நீ கேட்பது உனக்குரியதையா, அடுத்தவனிடம் இருப்பதைப் பறிக்கவா? கோட் கிரானாக்காரர்கள் இரண்டிலும் தேறினார்கள். ஒரு கோடிப் பத்திரம் முதல் கல்லிலேயே வெளுத்தது. திருச்செங்கோட்டுக் கூட்டம் முதலாவதில் தேறி இரண்டாவதில் தோற்றது. தனி ஒருவனின் உரிமையைப் பத்தாயிரம் பேர் ஓட்டெடுத்துப் பறிக்க முடியாது என்பதற்காகத்தான் அடிப்படை உரிமை என்று தனியாக எழுதி வைத்திருக்கிறோம்.

வில்லையின் இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசே முடிவுசெய்யும்படி சட்டம் திருத்தப்பட்டது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு தரும் விலக்கை விரிவாக்கியது. ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லி மறுப்பது இனி எளிது. வருகைப் பட்டியலில் இருப்பது என்ன? தனி நபர்களின் பெயர்கள்தானே. கோட் கிரானாவில் உரக்கப் படித்த அந்தப் பெயர்ப் பட்டியலை நாளைக்கு ஒருவர் கேட்டால் என்ன பதில் வருமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. அந்தரங்கம் என்ற நல்ல சொல்லைத்தான் பத்திரத் திட்டத்துக்கும் குடையாகப் பிடித்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

சட்டம் இளைக்கும்போது ஆட்கள் பெருக வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவை அங்கே படிக்க வேண்டும். படிக்கும்போது கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலைகிறோம் என்றால், வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினொரு பெண்களை விட நாம் குறைந்தவர்கள்.

எங்கள் தெரு வடிகால் அதற்கப்புறம் முனை வரை வந்துவிட்டது. புத்தகத்தை எடுத்துத் தந்த அந்த அலுவலர், கடைசியாகப் போனபோது என்னிடம் எந்த அமைப்பு என்று கேட்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்து, “எத்தனை பேர் வந்திருக்காங்க சார்?” என்றார்.

வில்லை பத்து ரூபாய்தான், நண்பர்களே. வாங்கிக்கொள்ளுங்கள். மனுவை எடுத்துக்கொண்டு போகும்போது தனியாகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.